பிள்ளையார் குடிவந்த வீடு

சிவப்புக் கோடு அவர்கள் வீட்டின் மேலேயே போயிருந்தது.

இந்திராணி கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, மறுபடியும் மாட்டிக்கொண்டு பார்த்தாள். கோடு நகரவில்லை.

ஊர்க் கல்யாண மண்டபத்தின் சுவரில் அந்தப் பெரிய வரைபடத்தை ஒட்டியிருந்தார்கள். லாரிகள் டில்லிக்குள் நுழையாமல் சுற்றிப்போக, என்றைக்கோ ஒருநாள் போடப்போகும் புறவழிச் சாலை. அதற்கு எந்த வழி சரி என்று ஜனங்களிடம் கருத்துக் கேட்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை பெரிய அதிகாரி வருகிறார். அதுவரை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

படத்தில் நஜஃப்கர் பக்கத்துக் கடுகு வயல்களுக்கு நடுவே பிரேம் குஞ்ஜ் காலனி ஒரு கைக்குட்டை அளவுக்குத் தெரிந்தது. அதன் கிழக்கு ஓரத்தில், காலி மனைகளுக்கு நடுவே ஒரே ஒரு சின்னச் சதுரம்.

"மது, அது நம்ம வீடா?"

மதுமதி டில்லியில் பிறந்தவள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. இந்தி எழுத்தென்றால் தண்ணீர்பட்ட பாடு.

"ஹாங் அம்மா. பிளாட் நம்பர் எழுதியிருக்கு. போன தடவை லைன் இங்க இல்லியே? அப்பா, யே கைஸே ஹுவா?"

எப்படி இப்படி ஆனதென்று மாணிக்கவாசகம் சொல்லவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். முப்பத்தைந்து வருடம் மத்திய சர்க்காரில் வேலை பார்த்துவிட்டு ஆகஸ்டில் ஓய்வு பெற்றவர். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸை டிசம்பர் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். பி.எஃப். பணம் முழுவதும் அந்தச் சின்னச் சதுரத்தில்தான் இருந்தது. சாலை அதைத் தின்றுவிட்டால், அவர்களுக்கு டில்லியிலும் இடமில்லை, திருநெல்வேலியிலும் இடமில்லை.

அவர் பதில் சொல்லாததற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் கோட்டை அங்கே இழுத்து வந்தவரே அவர்தான்.

*

ஆடி மாதம் வந்த முதல் வரைபடத்தில் கோடு நேராக ஓடியது. காலனி நடுவில் பூங்காவுக்கென்று விட்டிருந்த காலி இடம், அதன் பின்னால் ஆறு வீடுகள். அவ்வளவுதான் அதற்குள் அடங்கின. மாணிக்கவாசகத்தின் வீடு தள்ளி, பத்திரமாக இருந்தது. அவர் பாட்டுக்கு இருந்திருக்கலாம்.

ஆனால் அந்த ஆறு பேரும் அவர் பேச்சைக் கேட்டு மனை வாங்கியவர்கள். முதல் வீடு பவுனுவுடையது. விழுப்புரம் பக்கத்துக்காரி. லக்ஷ்மிபாய் நகரில் நாலு வீட்டில் சமையல் செய்து சேர்த்த காசில் கட்டியது. "ஐயா சொல்லித்தானே வாங்கினேன்" என்று அவள் வாசலில் வந்து உட்கார்ந்தபோது, அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

"டில்லியில சர்க்கார்காரன் வீட்டை இடிப்பான், கடையை இடிப்பான். சாமியை மட்டும் இடிக்க மாட்டான். பார்க் இடத்துல ஒரு பிள்ளையாரை வச்சிருவோம்."

சிற்பிகள் ஊரான மயிலாடியில் சொல்லிச் செய்த கற்சிலை ரயிலில் வந்து இறங்கியது. பிள்ளையார் சதுர்த்தியன்று கும்பாபிஷேகம். ஆறு வீட்டுக்காரர்களும் மாணிக்கவாசகத்துக்கு மாலை போட்டார்கள். பவுனு காலில் விழுந்தாள்.

அவர் கணக்குத் தப்பவில்லை. சர்க்கார் சாமியை இடிக்க வரவில்லை. சாமிக்கு முன்னால் கோட்டை வளைத்தது. மேற்கே வளைத்திருக்கலாம். அங்கே ஒரு பண்ணை வீடு இருந்தது. உயரமான சுவர், உள்ளே புல்வெளி, குளிர்காலத்தில் பெரிய இடத்துக் கல்யாணங்கள். அதனால் கோடு கிழக்கே வளைந்தது.

*

"ராமச்சந்திரன் சார், ஞாயித்துக்கிழமை நீங்க ஒரு வார்த்தை எழுந்து சொல்லணும்."

ராமச்சந்திரன் காலனிச் சங்கத்தின் செயலாளர். ஆறு வீடுகளில் மூன்றாவது வீடு அவருடையது. இந்திராணி கேட்டதும் டீத் தம்ளரைக் கீழே வைத்தார்.

"என்னன்னு சொல்றதும்மா? லைனை மாத்துன்னா, பழையபடி எங்க மேல வந்துடுமே."

"அந்தப் பண்ணை வீட்டுப் பக்கம் தள்ளச் சொல்லுங்க. அவன் புல்லுதானே போவும்? எங்களுக்கு வீடு போவுதே."

"அது ரெஜிஸ்ட்ரி ஆன நிலம். நமக்கு இருக்கிறது வெறும் பவர் ஆஃப் அட்டர்னி. ஒரு ரூபா நஷ்டஈடு கேட்கக்கூட வாய் கிடையாது. நாம போய் அவாளைக் கை காட்டினா, மொத்தக் காலனியையுமே எடுன்னு சொல்லிடுவா." குரலைத் தணித்தார். "சார் எங்களுக்குப் பண்ணினதை ஏழு ஜென்மத்துக்கும் மறக்க மாட்டோம்."

"ஏழு ஜென்மம் கெடக்கட்டும் சார். இந்த ஜென்மத்துல படுக்க ஒரு இடம் வேணும்."

அவர் தம்ளரை எடுத்துக்கொண்டார். டீ ஆறியிருந்தது. ஆனாலும் குடித்தார்.

ஆறு வீட்டிலும் இதே கதைதான். காபி கொடுத்தார்கள். வெங்காயம் விற்ற விலையிலும் ஒரு வீட்டில் பஜ்ஜி போட்டுக் கொடுத்தார்கள். எழுந்து பேசுவதாக மட்டும் யாரும் சொல்லவில்லை.

குவார்ட்டர்ஸுக்குத் திரும்பியபோது மாணிக்கவாசகம் அவள் கிளம்பும்போது இருந்த அதே நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, நீங்களே எழுந்து கேக்கப்படாதா?"

"என்னத்தன்னு கேக்க? ஆறு வீடு தப்பிச்சுது, ஒரு வீடு போச்சு. ஆபீஸ்ல இந்த ஃபைல் எங்கிட்ட வந்திருந்தா நானும் இதத்தான் நோட் போட்டிருப்பேன்."

"நோட்டை விரிச்சுப் படுத்துக்கிடலாமா? சொல்லுங்க. மதுவுக்கு ஒரு சம்பந்தம் வந்தா எங்க உக்கார வச்சுப் பேசுவிய? பஸ் ஸ்டாண்டிலயா?"

அவர் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுவதை அவள் கல்யாணமான நாளிலிருந்து பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தாள். அதற்குமேல் அவரிடம் எதுவும் கேட்பதற்கில்லை என்று தெரிந்தது.

*

மறுநாள் காலை ப்ளூலைன் பஸ் பிடித்துக் கோவிலுக்குப் போனாள். வேண்டிக்கொள்ள அல்ல, சண்டை போட.

"எங்க வீட்டுக்காரரு உமக்கு ஒரு வீடு கட்டுனாரு. நீரு எங்க வீட்டைப் பிடுங்கிட்டீரு. நல்லா இரும்" என்று பிள்ளையாரைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னாள்.

பூசாரி கருப்பசாமி கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். சிவகாசிப் பக்கத்துப் பரம்பரைப் பூசாரி. பட்டாளத்துக் கோவிலில் இருபது வருடம் பூசை பார்த்துவிட்டு வந்தவர். இன்னமும் விறைப்பாகத்தான் நிற்பார்.

"தாயி, வையிறதை நிதானமா வையுங்க. மொதல்ல இதப் பாருங்க. மூணு மாசத்துல கூரை ஒழுகுது. அவசரத்துல கட்டுனா இப்படித்தான். பிரிச்சு மேயணும். அதுக்குப் பாலாலயம் பண்ணியாகணும்."

பாலாலயம். ஊரில் திருப்பணி நடக்கும்போது பார்த்திருக்கிறாள். சிலையில் இருக்கும் சாமியைக் கலசத் தண்ணீரில் இறக்கி, ஒரு மரப்பலகையில் ஏற்றி, வேறொரு சின்ன இடத்தில் வைத்துப் பூசை செய்வார்கள். வேலை முடிந்து கும்பாபிஷேகம் ஆகும்வரை சாமி பலகையில்தான்.

"அதுவரைக்கும் இந்தச் செலை?"

"இங்கனயேதான் இருக்கும். கோயில் கோயில்தான். சாமி மட்டும் டெம்பரவரி டூட்டில போயிருக்காருன்னு வையுங்க."

இந்திராணிக்குச் சண்டை போட வந்ததே மறந்துபோனது.

"அப்ப ரெண்டு எடமும் கோயில்தானே?"

"ஆமா. ரெண்டும்தான்."

"பலகையை எங்க வீட்டுல வைக்கலாமா?"

கருப்பசாமி அவளை உற்றுப் பார்த்தார். விஷயம் அவருக்கு மெதுவாகத்தான் விளங்கியது. விளங்கியதும் மீசைக்குள் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"குடும்பம் நடத்துற வீட்டுல வைக்கக்கூடாது தாயி. கோயில் எல்லைக்குள்ளதான் வைக்கணும். உங்க வீட்டைத் தண்ணி ஊத்தி சாமிக்குக் குடுத்தா வைக்கலாம். சாமி திரும்பிப் போற வரைக்கும் அது அவரு வீடுதான். கும்பாபிஷேகம் ஆகுற வரைக்கும் நீங்க அங்கன ஒரு அடுப்பு மூட்டக்கூடாது, பாய் விரிக்கக்கூடாது. இதுல நான் ஏமாத்து வேலை பண்ண மாட்டேன்."

"கூரை வேலை எத்தனை நாளு?"

"ஒரு மாசம் ஆகும்."

ஒரு மாதம். அதற்குள் அதிகாரி வந்து போய்விடுவார். கோடு பண்ணை வீட்டுப் பக்கம் போய்விடும். கூரை முடிந்ததும் கும்பாபிஷேகம், பால் காய்ச்சிக் குடிபோக வேண்டியதுதான். இந்திராணிக்கு மூச்சு வந்தது.

விஷயம் கேள்விப்பட்ட பவுனு சேலையைச் செருகிக்கொண்டு ஓடிவந்தாள்.

"இன்னாக்கா, சாமியத் தூக்கினு போறியாமே! உன் வூட்டக் காப்பாத்திக்க என் வூட்ட இடிக்க வுடுறியா? ஐயா குடுத்தாரு, நீ புடுங்கறியா?"

"ஏய், கத்தாதே. கோயில் அங்கதான் இருக்கும், செலையும் அங்கதான் இருக்கும். திருப்பணி நடக்குற கோயிலை எவன் தொடுவான்? உன் வீட்டுக்கு ஒண்ணும் வராது."

"வந்தா?"

"வந்தா நீயும் நானும் ஒரே பஸ் ஸ்டாண்டுல படுப்போம். எனக்குச் சமைச்சுப் போடு."

பவுனு சிரிக்கவில்லை. சேலை நுனியைக் கடித்துக்கொண்டாள். ஆறு வீட்டில் ஒருவரும் சொல்லாததை அவள் சொன்னாள்.

"கலசத்தை நான் தூக்கியாறேன். ஐயாவுக்கு அது கூடவா செய்ய மாட்டேன்?"

வியாழக்கிழமை காலையில் மாணிக்கவாசகம் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து, செம்புத் தண்ணீரைக் கருப்பசாமியின் கையில் இருந்த வெற்றிலைமேல் ஊற்றி வீட்டைப் பிள்ளையாருக்குக் கொடுத்தார். பவுனு கலசத்தைத் தலையில் சுமந்து வந்தாள். ஹால் நடுவில், வரைபடத்தில் சிவப்புக் கோடு போன அதே இடத்தில், பலகை அமர்ந்தது. மது வெளிச்சுவரில் சாலைக்காரர்கள் பெயிண்டால் போட்டிருந்த குறியைச் சுரண்டிப் பார்த்தாள். போகவில்லை. அதன்மேல் ஒரு சாமந்தி மாலையைத் தொங்கவிட்டாள்.

இந்திராணி எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் மணிச்சத்தம் கேட்டு வந்துவிட்டார்கள். கணேஷ்ஜி ஒரு அம்மா வீட்டுக்கு நடந்தே வந்தார் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். சனிக்கிழமைக்குள் வாசலில் செருப்பு வைக்க இடமில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபம் நிரம்பி வழிந்தது. அதிகாரியின் பெயர் மாத்தூர். சால்வையும் மப்ளருமாக மேடையில் உட்கார்ந்து, "எல்லாரும் மனம்விட்டுப் பேசுங்கள்" என்று இந்தியில் சொல்லிவிட்டுக் கடலை உரித்தார். ஒருவர் தண்ணீர்க் குழாய் கேட்டார். ஒருவர் தன் எருமைகள் எப்படிச் சாலையைக் கடக்கும் என்று கேட்டார். சாலை வேண்டாம் என்றவர்களும் வேண்டும் என்றவர்களும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

மது எழுந்தாள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தட்டுத்தடுமாறி வருகிற இந்தி அவளுக்குத் தடையில்லாமல் வந்தது.

"சார், உங்கள் கோடு ஒரு கோவிலுக்கு விலகி இன்னொரு கோவிலின்மேல் போகிறது."

மாத்தூர் கடலையைக் கீழே வைத்தார். "அங்கே வீடல்லவா இருக்கிறது?"

பின்வரிசையிலிருந்து கிராமத்துப் பெண்கள் கோவில்தான் என்று ஒரே குரலாகக் கிளம்பினார்கள். "மந்திர் ஹை சாப்! கணேஷ்ஜி கா மந்திர்!"

மாத்தூர் எழுந்து நேரில் பார்க்கவே வந்துவிட்டார். கூட்டமே பின்னால் நடந்தது. முதலில் பூங்காக் கோவில். பிரித்த கூரை, உள்ளே சிலை. பிறகு இந்திராணியின் வீடு. மணி, கற்பூரம், பலகை. கருப்பசாமி விறைப்பாக நின்று, தன் பட்டாளத்து இந்தியில் அறிக்கை கொடுத்தார்.

"சாப், பகவான் டெம்பரவரி டூட்டி பர் ஹைன்."

மாத்தூருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்து கும்பிட்டுவிட்டு, சமையலறையை எட்டிப் பார்த்தார். படுக்கையறையைப் பார்த்தார். முட்டாளில்லை அவர்.

"வீட்டுக்காரர் யார்?"

மாணிக்கவாசகம் முன்னால் வந்தார்.

"பாருங்கள் ஜி. இது வீடு என்றால் கோடு இங்கேதான். பட்டா இல்லாத காலனியில் ஒரு வீட்டுக்காக நான் லைனை மாற்ற முடியாது. கோவில் என்றால் மேற்கே தள்ளிப் பார்க்கச் சொல்கிறேன். ஆனால் பண்ணை வீட்டுக்காரர் சும்மா இருக்க மாட்டார். கோர்ட்டுக்குப் போவார், ஆள் விட்டுப் பார்ப்பார். ஒவ்வொரு சர்வேக்கும் எங்கள் ஆட்கள் வருவார்கள். சாலை போட்டு முடிகிறவரை இது கோவிலாகவே இருக்க வேண்டும். ஒரு கட்டில் தெரிந்தால், ஒரு அடுப்பு தெரிந்தால், கோடு திரும்பி வந்துவிடும்."

மது தமிழில் சொல்லி முடிக்குமுன் இந்திராணி குறுக்கிட்டாள்.

"ரோடு எப்ப போடுவாங்கன்னு கேளுட்டி."

மது கேட்டாள். மாத்தூர் கையை விரித்தார்.

"இப்போது கருத்துதானே கேட்கிறோம். நிதி வர வேண்டும், நிலம் எடுக்க வேண்டும். பத்து வருடம் ஆகலாம். பதினைந்தும் ஆகலாம்."

இந்திராணி கருப்பசாமியைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். கும்பாபிஷேகம் செய்து சாமியைத் திருப்பி அனுப்பினால் இது வீடாகிவிடும். வீடானால் இடிந்துவிடும். இடியாமல் இருக்க வேண்டுமென்றால் இதில் யாரும் குடியிருக்கக் கூடாது.

"சொல்லுங்கள். இங்கே யார் இருக்கிறார்கள்?" என்றார் மாத்தூர். உதவியாளர் பென்சிலோடு காத்திருந்தான்.

மாணிக்கவாசகம் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். முப்பத்தைந்து வருட உத்தியோகத்தில் ஒரு பொய்க் குறிப்பு எழுதாதவர். வேண்டாம் என்று அவள் தலையசைத்தால் போதும். எப்படியும் போகிற வீடு, உண்மையைச் சொல்லிவிட்டே போகட்டும் என்றிருக்கலாம்.

ஒரு மூட்டை சிமென்டுக்காக அவளும் அவரும் லாரி ஆபீஸ் வாசலில் பகல் முழுக்க நின்றது அவள் நினைவுக்கு வந்தது. சமையலறை ஜன்னலைக் கிழக்குப் பார்த்து வைக்கச் சொல்லிக் கொத்தனாரோடு அவள் போட்ட சண்டையும்.

அவள் முன்னால் வந்து, காய்கறிக்காரனிடம் பேசிப் பழகிய தன் இந்தியில் தானே சொன்னாள்.

"பகவான் ரஹ்தே ஹைன் சாப். ஹம் நஹீன்."

சாமிதான் குடியிருக்கிறார், இவர்கள் இல்லை என்று பென்சில் எழுதிக்கொண்டது. வெளியே ராமச்சந்திரன்தான் முதலில் கை தட்டினார். காலனியே கை தட்டியது.

*

டிசம்பர் கடைசியில் சாமான்கள் டெம்போவில் ஏறின. பவுனு தன் மாடி அறையைக் காலி செய்து கொடுத்திருந்தாள். ஒற்றை அறை, தகரக் கூரை, குளிரில் சுவர் வியர்த்தது. பீரோ படியேறவில்லை, கீழேயே நின்றது.

"எங்க வூடு இன்னா, உங்க வூடு இன்னாக்கா" என்றாள் பவுனு. நல்ல மனதோடுதான் சொன்னாள். இந்திராணி மூட்டையை அவிழ்ப்பதுபோல் குனிந்துகொண்டாள்.

மாணிக்கவாசகம் கட்டில் முனையில் உட்கார்ந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தால் அவர் கட்டிய வீட்டின் மொட்டை மாடி தெரிந்தது. அதில் யாரோ புதிதாக ஒரு காவிக் கொடி நட்டிருந்தார்கள்.

"இந்தப் பக்கம் பாக்காதிய" என்று இந்திராணி திரையை இழுத்துவிட்டாள்.

கருப்பசாமி பூங்காக் கோவிலின் கூரையைப் பிரித்துப் போட்டதோடு சரி. மேயவேயில்லை. மேய்ந்தால் கும்பாபிஷேகம் வைக்க வேண்டுமே. நனையாமலிருக்கக் கல் பிள்ளையார்மேல் ஒரு பிளாஸ்டிக் தாளைக் கட்டியிருந்தார்.

மார்கழி முதல் வாரத்திலிருந்தே அவர்கள் வீட்டுச் சமையலறையில் கிராமத்துப் பெண்கள் பிரசாதத் தட்டுகளை அடுக்கத் தொடங்கியிருந்தார்கள். அடுப்பு மட்டும் இல்லை. பவுனுவின் மாடிக்குக் குடிவந்த மறுநாள் சாயங்காலம் இந்திராணி அங்கே போனாள். கிழக்குப் பார்த்த ஜன்னலை ஒரு தடவை திறந்து மூடிவிட்டு வரலாம் என்று நினைத்திருந்தாள். நேராக வாசற்படியில் கால் வைத்தாள்.

உள்ளே தரை துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள். புதிது. இந்திராணியைத் தெரியாது.

"மாதாஜி, சப்பல் பாஹர்!"

இந்திராணி பின்னால் வந்து, செருப்பைக் கழற்றி, மற்றச் செருப்புகளோடு வரிசையில் வைத்தாள். உள்ளே போய், கடைசியில் நின்று கும்பிட்டாள்.